வடிவு கேட்ட ஒரு சொல்

உலகம்மை துணை

தென்காசி,
16-12-1962

தம்பி நம்பிராஜனுக்கு அக்கா இசக்கியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்பளவில் சுகம். அங்கே அந்தப் பனியில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் மிளகாவது கிடைக்கிறதா?

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

முந்தாநாள் பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. நம் சின்னத் தம்பி தளவாயைக் காணவில்லையாம். சீனாக்காரனோடு சண்டை நடந்த மலையிலிருந்து இவனுடைய ஆட்கள் பின்வாங்கி இறங்கியபோது இவன் இறங்கி வரவில்லையாம். செத்தான் என்றும் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. உன் அத்தான் வீரபாகு ஏட்டையா போலீஸ் உத்தியோகத்தில் எத்தனையோ தந்தி படித்தவர். இதைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வடிவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. குத்தாலிங்கம் மாமா ஆவணியில்தான் கடையத்திலிருந்து வந்து மகளை நம் தம்பி கையில் பிடித்துக் கொடுத்தார். புரட்டாசியில் அவன் ரயிலேறிவிட்டான். நீ கல்யாணத்துக்கு வராததால் அவளைப் பாவாடை கட்டிய பிள்ளையாகத்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். தந்தியைக் கேட்டதும் நான் வாயில் அடித்துக்கொண்டு கத்தப் போனேன். அவள் ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

“அழாதிய மைனி. உசுரோட இருக்கவுகளுக்கு அழுதா அவுகளுக்கு ஆகாது. ஒங்க தம்பி எங்கயும் கடைசிலதான வருவாக?” என்றாள்.

அதுவும் நியாயம்தான். உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் அந்த அழுகையே அவனைக் கொண்டுபோய்விடும் என்று நம்மில் சொல்வார்களே. ஆகையால் இந்த வீட்டில் யாரும் அழவில்லை. மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்த வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை நீ. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. முடிந்தால் புறப்பட்டு வா.

இப்படிக்கு,
அக்கா இசக்கியம்மாள்


சிரக்யூஸ், அமெரிக்கா,
8-1-1963

அன்புள்ள அக்காவுக்கு நம்பிராஜன் வணக்கம். எனக்குச் சளி இல்லை. மிளகு கிடைக்கிறது. உன் காயிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகிறது. காணவில்லை என்றால் காணவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிடித்து வைத்திருப்பவர்கள் பெயரைச் சீனா இன்னும் முழுதாகச் சொல்லவில்லை என்று இங்கே பத்திரிகைகளில் வருகிறது. அவன் கெட்டிக்காரன் அக்கா. ஊரில் யார் என்ன சொன்னாலும் வடிவின் கழுத்திலிருந்து எதையும் எடுக்க விடாதே.

இப்போது நான் புறப்பட முடியாது. எடுத்த கணக்கு பாதியில் நிற்கிறது. அத்தான் முன்பு ஒரு காயிதத்தில், ‘மாப்ளை அங்கன அப்படி என்னதான் செய்யுதான்’ என்று கேட்டிருந்தார் அல்லவா? சொல்கிறேன். உலகத்தை அளக்க எங்களிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று பெரியவற்றுக்கு. பூமி சூரியனைச் சுற்றுவது, அருவி விழுவது எல்லாம் அதில் வரும். மற்றது மிகச் சிறியவற்றுக்கு, அணுவுக்குள்ளே நடப்பவற்றுக்கு. இரண்டும் சரி. எங்கே சோதித்தாலும் இரண்டும் தப்பியதே இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்றை ஒன்று மறுக்கிறது. ஒரே உலகத்துக்கு எப்படி இரண்டு கணக்கு இருக்க முடியும்? எங்கேயோ சேர்ந்தாக வேண்டும். அதைச் சேர்ப்பதுதான் என் வேலை. ஆவணிக்குள் ஒரு வழி தெரிந்துவிடும். தெரிந்ததும் வருகிறேன். அதற்குள் தளவாயே வந்து எனக்குக் காயிதம் போட்டாலும் போடுவான்.

அன்பு மறவாத தம்பி,
நம்பிராஜன்


உலகம்மை துணை

தென்காசி,
12-6-1963

தம்பி நம்பிராஜனுக்கு ஆசீர்வாதம். இங்கே சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் நல்ல தண்ணீர். வெளியூர் ஜனம் வந்து குவிகிறது. எங்கள் மூவருக்கும் உடம்பு தேவலை. நீ மெலிந்திருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், படம் அனுப்பினால் நிஜம் தெரியும்.

சீனாக்காரன் பிடித்து வைத்திருந்தவர்களை விட்டுவிட்டான். அதில் நம் தம்பி இல்லை. அவன் கூட இருந்த ஒரு பையன் வந்திருக்கிறான், கடையநல்லூர் துல்கர்னைன். தானாகவே நம் வீட்டைத் தேடி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் பேசினான்.

“பொய் சொல்லக் கூடாதுக்கா. அவனுக்குக் கால்ல குண்டு பட்டிருந்திச்சு. தோள்ல போட்டுத் தூக்குதேன்னு சொன்னேன். ‘நீ முன்ன போலே, நான் பின்னாலயே வாறேன்’னு ஒரு பாறையில சாஞ்சிக்கிட்டான். பனின்னா பனி, கண்ணைத் தொறக்க முடியல. கொஞ்சம் போய்த் திரும்பிப் பாத்தேன். பாறைதான் தெரிஞ்சுது, அவன் தெரியல. எந்திரிச்சுப் போனானா, பனி மூடிருச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியலக்கா.”

வடிவு அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். “அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன தோணுது? இருக்காகளா, இல்லையா?”

அந்தப் பையன் தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்தான். போகும்போது தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மறுநாளே பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஆள் கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைத்து, ஆடி அமாவாசையில் குற்றாலத்தில் முழுகிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். ஆனால் குத்தாலிங்கம் மாமா ஒரே பிடியாக நின்றுவிட்டார். “உசுரோட இருக்கவனுக்குக் கொள்ளி வச்சா அது கொலைலா? அவன் அண்ணன் படிச்சவன். இல்லைன்னு அவன் வாயால வரட்டும், அவன் கையால வைக்கட்டும். வேற எவனும் தொடக் கூடாது” என்றார். எல்லோரும் அதற்குச் சரி என்றுவிட்டார்கள். யாருக்கும் அந்தப் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள மனமில்லை.

ஆக, உன் ஒரு சொல்லில் நிற்கிறது. வந்து செய், அல்லது வர முடியாவிட்டால் எழுத்திலாவது சொல்.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்


சிரக்யூஸ்,
3-7-1963

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். படம் எடுத்து அனுப்புகிறேன். அத்தானுக்கு மூட்டுவலி எப்படி என்று எழுத மறந்துவிட்டாயே.

நான் அப்படி எழுதித் தர மாட்டேன். கோபப்படாதே. துல்கர்னைன் யோக்கியன், அதனால்தான் தெரியாததைத் தெரியாது என்று சொன்னான். அவன் கண்ணால் பார்த்தது பாறையை மட்டும்தான். நான் பழகும் கணக்கில் இதுதான் முதல் பாடம். அணுவுக்குள் இருக்கும் ஒரு துகளை அளந்து பார்க்காதவரை அது இங்கே இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. அவசரப்பட்டு ஏதாவது ஒன்றை எழுதினால் பின்னால் வரும் விடை முழுவதும் தப்பிப்போகும். அளக்காத ஒன்றைப் பற்றி என்னால் முடிவு சொல்ல முடியாது. பழகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது தளவாய் பேரருவியில் நுழைந்து, தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஒளிந்துகொண்டான். வெகுநேரம் ஆளைக் காணோம். நான்தான், “தம்பி போயிட்டாம்மா!” என்று அலறினேன். அம்மா விழுந்து புரண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் மறுபக்கத்தால் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்கு அம்மா அவனை அடிக்கவில்லை, என்னை அடித்தாள். “தம்பியப் போயிட்டான்னு எப்படிலே ஒன் வாயில வந்துது?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அந்த வார்த்தை இனி என் வாயிலிருந்து வராது அக்கா.

கணக்கு ஆவணிக்குள் முடியாது போல் இருக்கிறது. வழியில் ஒரு சிக்கல். தையில் முடிந்துவிடும்.

நம்பிராஜன்


உலகம்மை துணை

தென்காசி,
25-1-1964

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அத்தானுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். உன் இரண்டு கணக்கு சங்கதியைக் கேட்டுவிட்டு, “நம்ம கோயில் கோபுரம் மாதிரின்னு சொல்லு” என்றார். வாஸ்தவம்தான். நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே அது தலை போய், நடுவில் பிளந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிற்கிறது. இரண்டு பாதியும் பலமாகத்தான் இருக்கிறது. நடுவில் காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றில் குடியிருக்க யாராலாவது முடியுமா? வடிவை நாம் அங்கேதான் குடிவைத்திருக்கிறோம்.

உன் அணுவுக்கு வீட்டில் பெண்டாட்டி கிடையாது தம்பி. அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால் யாரும் சோற்றைத் தள்ளிவைக்கப் போவதில்லை. இவள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். தலைக்குப் பூ வைக்கிறாள், கண்ணாடி பார்ப்பதில்லை. போன வாரம் எதிர்வீட்டில் கல்யாணம். ஆரத்தி எடுக்க இவளைக் கூப்பிடவும் தயங்குகிறார்கள், கூப்பிடாமல் இருக்கவும் தயங்குகிறார்கள். கடைசியில் இவளே, “தலை வலிக்கி மைனி, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முழுச் சுமங்கலிக்கும் ஒரு இடம் உண்டு, தாலி அறுத்தவளுக்கும் ஒரு மூலை உண்டு. இவளுக்கு எங்கே இடம் என்று நீ சொல்.

“காணோம்னு எழுதுன கேசுதான் இருக்கதுலயே மோசம். அத மூட ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்” என்கிறார் உன் அத்தான். தை பிறந்துவிட்டது. உன் கணக்குக்கு வழி பிறந்ததா?

இசக்கியம்மாள்


கடையம்,
10-8-1964

மூத்த அத்தான் அவர்களுக்கு வடிவம்மாள் நமஸ்காரம். அங்கு தாங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மைனிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் உங்களுக்கு எழுதுவது முறையில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி அமாவாசைக்கு அப்பா குற்றாலம் போய்த் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். நானும் போனேன். அருவிக்கரையில் எத்தனையோ பேர் அவரவர் ஆட்களின் பேரைச் சொல்லி அழுதார்கள். அழுதுவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு இட்லி சாப்பிடப் போனார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது அத்தான்.

எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அழப் பயமாக இருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் கூட அவுகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று உடனே துடைத்துவிடுகிறேன். அவுகளோடு நான் இருந்தது கொஞ்ச நாள்தான். முகமே சில நேரம் மறந்துபோகிறது. அதற்கும் பயமாக இருக்கிறது.

நீங்கள் பெரிய படிப்பு படித்தவர்கள். இருக்கிறான் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன். இல்லை என்று சொல்லுங்கள், அழுகிறேன். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டும் இல்லாமல் இருக்கத்தான் தெரியவில்லை. நீங்கள் சொல்வது தப்பாகப் போனாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வடிவு


சிரக்யூஸ்,
14-2-1965

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். வெகு நாளாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை.

வடிவு எனக்கு எழுதியிருந்தாள். உனக்குத் தெரிந்திருக்காது, அவளைத் திட்டாதே. நான் பதில் எழுதவில்லை. பல தரம் ஆரம்பித்தேன். ‘அன்புள்ள வடிவுக்கு’ என்பதற்கு அடுத்த சொல் வரவில்லை.

கணக்கைப் பற்றிக் கேட்பாய். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மின்சாரத்துக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் முன்பு இருந்தது. கணக்குப் போட்டால் விடை முடிவே இல்லாத எண்ணாக வரும். கெட்டிக்காரர்கள் ஓரிரண்டு எண்களை மட்டும் சோதனையில் அளந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் அடங்கிவிட்டது. அதே வைத்தியம் அருவியை விழவைக்கும் ஈர்ப்புக்கும் பலிக்கும் என்று நம்பித்தான் நான் இறங்கினேன். பலிக்கவில்லை. எடையுள்ளது எல்லாவற்றையும் ஈர்ப்பு இழுக்கிறது. அந்த ஈர்ப்புக்கே எடை உண்டு. அதனால் அது தன்னையும் இழுக்கிறது. அந்த இழுப்புக்கும் ஒரு எடை, அதற்கும் ஒரு இழுப்பு. ஒரு படியில் முடிவிலியை அடக்கினால் அடுத்த படியில் புதிதாக ஒன்று முளைக்கிறது. துக்கமும் இப்படித்தான் போலும். துக்கப்படுவதே ஒரு பாரமாகி அதற்கும் துக்கப்பட வேண்டியிருக்கிறது.

இதில் மோசம் என்னவென்றால், நாளைக்கு நானே இரண்டையும் சேர்த்துக் காட்டினாலும் சரியா தப்பா என்று சோதிக்க முடியாது. அணு அளவில் ஈர்ப்பு அத்தனை பலவீனம். என் ஆயுளில் அதை அளக்கக் கருவி வராது, எனக்குப் பின்னால் எத்தனை தலைமுறைக்கும் வராமல் போகலாம். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அறையில் நானும் கரும்பலகையும்தான் இருக்கிறோம். வெளியே பனி விழுகிறது. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாறைதான் ஞாபகம் வருகிறது.

நம்பிராஜன்


தென்காசி,
20-10-1965

தம்பிக்கு,

துணை போடக் கூட மறந்துவிட்டேன், இருக்கட்டும். சுகம் கேட்க நேரமில்லை.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்து ஆட்கள் லீவில் வருகிறார்கள். செங்கோட்டை ரயிலில் பச்சை உடுப்பு எவனாவது இறங்கினால் ஊரே ஒருமுறை நம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறது. வடிவுக்கு ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் ஊசி போடுகிறார். “உடம்பில் தாங்கும் சக்தி இல்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்” என்கிறார். யார் சொல்லி அவள் சாப்பிட்டாள்?

உன் போன காயிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று கேட்கிறேன், பதில் சொல். உன் ஆயுளில் சோதிக்கவே முடியாது என்று தெரிந்தும் அந்த இரண்டு கணக்கும் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று நம்புகிறாயே, அதற்கு உனக்கு என்ன ஆதாரம்? யார் கண்ணால் பார்த்தது? காணாத ஒன்றை இருக்கிறது என்று சொல்ல உனக்குத் தைரியம் இருக்கிறது. காணாத ஒன்றை இல்லை என்று சொல்லத்தான் இல்லை. அது படிப்பு இல்லை தம்பி. அது பயம். அம்மா அடித்த அடிக்கு நீ இன்னும் பயப்படுகிறாய். அம்மா செத்துப் பத்து வருஷமாகிறது.

ஒரே ஒரு சொல். தந்தியிலாவது அனுப்பு.

இசக்கி


சிரக்யூஸ்,
22-5-1966

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் நம்பிராஜன் வணக்கம். நீங்கள் இருவரும், முக்கியமாக வடிவும், தேறியிருக்க வேண்டும் என்று உலகம்மையைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ கேட்ட கேள்விக்கு ஏழு மாதமாகப் பதில் இல்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, நீ சொன்னது உண்மை என்பதால்தான்.

கணக்கை முடித்துவிட்டேன். முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை, முடித்துவிட்டேன். இரண்டாம் படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு புது எண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்துக்கொண்டே போக வேண்டும் போல் இருக்கிறது. கடைசியே கிடையாது. எல்லா எண்ணையும் வெளியிலிருந்துதான் வைக்க வேண்டும் என்றால் அதற்குப் பேர் கணக்கே இல்லை. என் வழி அடைத்த வழி. வேறு யாருக்காவது வேறு வழி தெரியலாம். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதையாகிவிட்டது என் கதை. நம்பிய கணக்கும் வரவில்லை, வீட்டில் செய்ய வேண்டியதையும் செய்யவில்லை.

கரும்பலகையை நேற்றுத் துடைத்தேன். துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து தளவாயை நினைத்து அழுதேன் அக்கா. அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது. அவன் இல்லை என்பது எனக்கு முதல் நாளிலேயே தெரியும். உன் முதல் காயிதம் வந்த அன்றே தெரியும். ஆதாரம் வேண்டும் என்று நான் கேட்டதெல்லாம் அந்தத் தெரிந்ததைத் தள்ளிவைக்கத்தான்.

எழுதிவிடுகிறேன். தளவாய் இல்லை. அன்றைக்கே அந்த மலையிலேயே போய்விட்டான். இதை வடிவிடம் நானே எழுதியதாகச் சொல். ஆடி அமாவாசைக்கு முன்னால் வந்து சேருகிறேன். புல்லில் உருவம் செய்து வையுங்கள். கொள்ளி நான் வைக்கிறேன். அவளை அழச் சொல் அக்கா. அவள் அழட்டும்.

நம்பிராஜன்


தென்காசி,
20-6-1966

தம்பி நம்பிராஜனுக்கு அக்கா எழுதுவது. மேலே தெய்வத்தின் பேர் போடாமல் எழுதுகிறேன் என்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும்.

வடிவு போய்விட்டாள். உன் காயிதம் அவளை எடுத்த நாலாம் நாள் வந்தது.

வைகாசிக் கடைசியில் காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை. அவள் போன அன்றைக்கு மத்தியானம் மாமாவும் அத்தானும் டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து கேட்டாள்.

“மைனி, மூத்த அத்தான் எழுதிட்டாகளா?”

நான் எத்தனையோ தரம் இல்லை என்று சொன்ன கேள்விதான் அது. அன்றைக்கு என்னால் முடியவில்லை. “எழுதிட்டான்ட்டி” என்றேன்.

“என்ன எழுதிருக்காக?”

இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். இருக்கிறான் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள் என்று நீ நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. “தளவாய் இல்லையாம்ட்டி. அன்னைக்கே போயிட்டானாம். நீ அழலாம்னு எழுதிருக்கான்” என்றேன்.

அழுதாள் தம்பி. எந்திரிக்கத் தெம்பில்லாதவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கூடச் சரியாக வரவில்லை. அவன் பேரைச் சொல்லி அழுதாள். அதுவரைக்கும் அவன் பேரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அழுதுகொண்டே தூங்கினாள். டாக்டர் வந்தபோது மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். நம் கணக்குக்குத் தளவாய் இருக்கிறவன். ஆகையால் வடிவு சுமங்கலி. மஞ்சள் பூசி, கூறைப்புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத்தான் தூக்கினார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் வரிசையில் வந்து அவள் காலைத் தொட்டு, அந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துத் தாலியில் வைத்துக்கொண்டார்கள். “பூவும் பொட்டுமாப் போறா, குடுத்து வச்சவ” என்றார்கள். ஆரத்திக்குக் கூப்பிடத் தயங்கினார்களே, அதே எதிர்வீட்டுக்காரிதான் முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டு போனாள். வடிவு புருஷன் இருக்கும்போதே போகவில்லை, புருஷனுக்கு அழுதுவிட்டுத்தான் போனாள் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மாமாதான் மகளுக்குக் கொள்ளி வைத்தார்.

உன் காயிதத்தை அத்தான் அவருக்குப் படித்துக் காட்டினார். மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “எம் மவ சுமங்கலியாப் போயிருக்கா. இனிமே எவனாவது எம் மருமவன் செத்தான்னு சொன்னா அவன் நாக்க அறுத்துருவேன். காரியமும் கிடையாது, கருமாதியும் கிடையாது” என்றார். பெரியவர்களும் அதுதான் சரி என்கிறார்கள். தளவாய்க்குக் கொள்ளி வைத்தால் வடிவுக்கு வைத்த குங்குமம் பொய்யாகிவிடும். அவள் குங்குமம் நிஜமென்றால் தளவாய்க்கு என்றைக்குமே காரியம் கிடையாது. இரண்டையும் ஒரே தாளில் எழுத முடியாது என்று எனக்கு நீதான் முன்பு எழுதியிருந்தாய். அப்போது எனக்கு விளங்கவில்லை.

வருவதென்றால் வா. நீ செய்ய இங்கே ஒன்றும் இல்லை. ஆடி அமாவாசையில் குற்றாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒரு முழுக்குப் போடு. எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்றால் விடு, பேர் மட்டும் சொல்லாதே. பக்கத்தில் யாராவது நம் ஊர்க்காரன் நிற்பான்.

உன்னைத் திட்டித்தான் இந்தக் காயிதத்தை ஆரம்பிக்க இருந்தேன். அவள் அழ வேண்டிய ஒரு சொல்லை மூன்றரை வருஷமாக நீ கையில் பொத்தி வைத்திருந்தாய் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. உன் காயிதம் வராமலே அன்றைக்கு அந்தச் சொல்லை நான் சொன்னேன், அவளும் நம்பினாள். முதல் நாளே சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். அது அத்தனை நாளும் என்னிடமும்தான் இருந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா